ஒருத்திக்கு எவ்வளவு ஆகும்?

ஏரவாடாவிலிருந்து கராடிக்கு ஆட்டோ ஏறும்போதே சாவித்ரி முடிவு பண்ணிவிட்டாள். இன்றைக்கு மகளைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவது. ஆட்டோக்காரனிடம் மராத்தியில் பேரம் பேசும்போதே, "போகும்போது நான் ஒருத்தி, வரும்போது ரெண்டு பேர், ஒரு பெட்டி" என்று அவனுக்குச் சம்பந்தமே இல்லாததையெல்லாம் சொன்னாள். அவன் மீட்டரைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அவள் கோபத்தில் என்ன தப்பு, சொல்லுங்கள்? ஒரே ஊர். அரை மணி நேரப் பயணம். இங்கே சொந்த வீடு இருக்கும்போது, கல்யாணம் ஆகாத பெண் அங்கே ஒரு ஃப்ளாட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? காலையில் சாவித்ரி வீட்டு வாசலில் இட்லி வாங்க வருகிறவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போகிறார்களா? "இன்னாக்கா, உனுக்கும் வைஷாலிக்கும் சண்டையாமே?" என்று சட்னியோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ரெண்டு வருஷமாக இதே பாட்டு. இத்தனைக்கும் சாவித்ரி ஒருநாள்கூட அந்த ஃப்ளாட் வாசலை மிதித்ததில்லை. மிதித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

இப்போது அதற்கும் வழி பிறந்தது. வைஷாலி இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தனியாகக் குடியிருக்கும் பெண் இன்னொரு வருஷம் இருக்க வேண்டுமானால், பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து, எங்களுக்குச் சம்மதம் என்று செக்ரட்டரியிடம் வாயால் சொல்ல வேண்டுமாம். வாடகை கொடுப்பவள் வைஷாலி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆபீஸில் அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்க்கிறது. ஆனாலும் அம்மா வந்து சொன்னால்தான் வீடு! வைஷாலிக்கு அது அவமானம். சாவித்ரிக்கோ சாமியே பார்த்துக் கொடுத்த வரம். "வர்றேன்டி" என்று போனில் சொன்னாள். எதைச் சொல்ல வருகிறாள் என்று மகளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஃப்ளாட்டுக்குள் காலை வைத்ததும் வைத்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள்.

"பொட்டிய எடுத்து வை. உங்க செக்ரட்டரி வந்தா முடியாதுன்னு சொல்லப் போறேன்."

வைஷாலி சண்டைக்கு வரவில்லை. அதுதான் சாவித்ரிக்குக் கொஞ்சம் திக்கென்றது.

"சொல்லிக்கோம்மா. ஆனா நான் ஏரவாடாவுக்கு வர மாட்டேன். பெங்களூருக்கு மாத்தல் கேப்பேன்."

"பெங்களூரா?"

"எல்லா ஊரும் பார்த்துட்டேன். பெங்களூர்ல இதே மாதிரி வீட்டுக்கு வாடகை ஒண்ணரை மடங்கு, அட்வான்ஸ் கேட்டா மயக்கமே வருது. மும்பையில இந்தக் காசுக்கு நிக்கத்தான் எடம், படுக்க இல்ல. ஹைதராபாத் சல்லிசுதான், ஆனா அங்க எங்க டீம் இல்ல. சென்னையில தனியான்னு சொன்னாலே, யாரு யாரு வந்து போவாங்கன்னு கேக்கறாங்க. ஒருத்தி தனியா, வசதியா இருக்க எந்த ஊர்ல எவ்ளோ ஆவும்னு என்னைக் கேளு, சொல்றேன். எனக்கு இந்த ஊர்தான் பிடிச்சிருக்கு. ஆனா நீ முடியாதுன்னா வேற ஊர்."

"தனியா இருக்கறதுக்கு ஊர் ஊரா வெல விசாரிச்சிகினு இருக்கியா? அத்தப் போயி காசு குடுத்து வாங்குவாங்களாடி? அது ஆருமில்லாததுங்களுக்குத் தானா வர்றது!"

வைஷாலி பதில் சொல்ல வாயெடுக்கும்போது போன் அடித்தது. ஆபீஸில் ஏதோ தலைபோகிற காரியம், சனிக்கிழமையும் விடமாட்டார்கள். "ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்மா. செக்ரட்டரி நாலு மணிக்கு மேலதான் வருவாரு, மத்தியானம் அவர் தூங்கறப்போ பூகம்பமே வந்தாலும் எழுப்பக் கூடாது. ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கீழே ஓடினாள்.

சாவித்ரி அவள் போன கையோடு ஒரு காரியம் செய்தாள். கதவை நன்றாக விரியத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாதபடி தன் செருப்பை அண்டைக் கொடுத்தாள். ஏரவாடாவில் விடிந்தால் கதவைத் திறப்பார்கள், படுக்கும்போது சாத்துவார்கள். பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சாவு என்று அர்த்தம், இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அர்த்தம். கதவு திறந்திருந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், நாலு வார்த்தை பேசலாம், இந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று நைசாக விசாரிக்கலாம்.

வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். லிஃப்ட் திறந்தது, ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே போனான். இன்னொரு தரம் திறந்தது, ஒரு அம்மாள் நாயோடு போனாள். நாய் மட்டும் நின்று பார்த்தது. கடைசியில் எதிர் ஃப்ளாட்டுப் பெண் வெளியே வந்து, பதறிப்போய் மராத்தியில், "மாவ்ஷி, கதவு திறந்தே கிடக்கு, கவனிக்கலையா?" என்றாள். சாவித்ரி பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் குனிந்து, செருப்பை மரியாதையாக எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். உதவி செய்துவிட்ட திருப்தியோடு அவள் போய்விட்டாள்.

கிளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சாவித்ரி எழுந்திருக்கவில்லை. ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, பேரப்பிள்ளைகளின் அடிதடி இல்லை, மாமனார் காலத்து ஃபேன் கரகரவென்று சுற்றவில்லை. கையைத் தூக்கினாள், வளையல் சத்தம் கேட்டது. அவள் வளையல்தான். இத்தனை வருஷமாகப் போட்டிருக்கிறாள், அது இப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மாடி" என்றாள். அந்தக் குரலும் வீடு முழுக்கக் கேட்டது.

மெல்ல எழுந்து சுற்றிப் பார்த்தாள். சமையலறையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்கக் காலி. ஒன்றுமே வைக்காமல் காலியாக விட்டிருக்கிறாள், கேட்டீர்களா அநியாயத்தை! ஏரவாடா வீட்டில் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை, பரண்மேல் கம்பளி மூட்டை, கம்பளி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம். அந்த இடத்தில்தான் வைஷாலி இருபத்தெட்டு வயது வரை படுத்தாள், படித்தாள், தலையை முட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் காலியாக இருந்தது சாமி படத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம்தான்.

குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது பெரிய அரண்மனைக் குளியலறை ஒன்றும் இல்லை. ஒரு குழாய், ஒரு ஷவர், ஒரு ஜன்னல். ஆனால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

அவள் வீட்டில் இருப்பது மோரி. அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு, ஒரு திரை. பெண்கள் குளிக்கும்போது ஆண்கள் தெருவில் போய் நிற்பார்கள். நின்றுகொண்டே இருக்க முடியுமா? வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவார். மகன் தினேஷ், "ஆச்சாம்மா?" என்பான். கொழுந்தனார் வாயே திறக்க மாட்டார், ஆனால் அவர் நிற்பது தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் சாவித்ரி ரெண்டு சொம்புக் குளியல்காரி. மூன்றாவது சொம்பு மொண்டால் யாரோ ஒருத்தருக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

தாழ்ப்பாளைப் போட்டாள். ஷவரைத் திருகினாள். வெந்நீர் வந்தது. நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் நின்றாள். இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று காது அதுபாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. கூப்பிடவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. துக்கம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது ஏரவாடாவிலிருந்து ஆட்டோ தூரத்திலேயே இருக்கிறது, நம்மிடம் ஒருத்தரும் சொல்லவே இல்லையே என்று ஒரே மலைப்பு.

மகளின் நைட்டியை மாட்டிக்கொண்டு, சும்மா எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கக் கட்டிலில் படுத்தாள். கையை நீட்டினாள், சுவர் இடிக்கவில்லை. காலை அகட்டினாள், எந்தக் குழந்தையும் சிணுங்கவில்லை. திடீரென்று ஒரு பயம் வந்து, எழுந்துபோய் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து படுத்தாள். யார் வந்துவிடுவார்கள் என்று பயந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

காலிங் பெல் அடித்து, கதவைத் தட்டி, போன் பண்ணி, வைஷாலி வெளியே அழாக்குறையாக நின்றிருந்தாள். அவளோடு செக்ரட்டரியும் நின்றிருந்தார், தூங்கி எழுந்து முகம் கழுவி, சட்டை இஸ்திரி கலையாமல். கதவு திறந்தது. ஈரத் தலை, பூப்போட்ட நைட்டி, கன்னத்தில் தலையணைத் தடம். சாவித்ரி ரெண்டு பேரையும் யாரோ எவரோ என்பது போலப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு? பயந்தே போயிட்டேன்!"

"ஒண்ணும் ஆவல. தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு சாவித்ரி சால்வை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

செக்ரட்டரி நல்ல மனிதர். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு மராத்தியில் விஷயத்துக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தாயி. உங்க பொண்ணு மேல ஒரு புகாரும் இல்ல. ஆனா சொந்த வீடு பக்கத்துல ஏரவாடாவுலயே இருக்குன்னு சொல்றாங்க. அப்பா இருக்காரு, அண்ணன் இருக்காரு. அப்புறம் எதுக்குத் தனியா? கமிட்டியில கேக்கறாங்க. வீட்ல ஏதாவது பிரச்சினையா? யாராவது சரியில்லையா?"

வைஷாலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கேள்வியைத்தான் அம்மா ரெண்டு வருஷமாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

சாவித்ரி குளியலறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மராத்தியில், நிதானமாகச் சொன்னாள்:

"எங்க வீட்ல ஏழு பேரு சார். ஏழு பேருமே நல்லவங்க. ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. அதான் கஷ்டம். கெட்டவன் ஒருத்தன் இருந்தா அவன்கிட்டேருந்து தப்பிச்சுப் போனேன்னு சொல்லிடலாம். நல்லவங்ககிட்டேருந்து எப்படிப் போறது? எனக்குத் தெரியல. நான் அங்கேயே வாழ்க்கைய ஓட்டிட்டேன். இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

செக்ரட்டரி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அதைத் திரும்பப் பையிலேயே வைத்தார். "சரி தாயி, போதும்" என்று எழுந்து போனார்.

கதவு சாத்திக்கொண்டதும் வைஷாலி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அம்மாவின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி பாக்கற?" என்றாள் சாவித்ரி. "ஊர் ஊரா வெல விசாரிச்சியே. ஒருத்திக்கு ஒருநாள் பகல் மட்டும்னா எவ்ளோ ஆவும்?"

வைஷாலி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றது. பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விலை சொன்னவளுக்கு இதற்கு விலை தெரியவில்லை. எழுந்துபோய் ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்து வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

சாவித்ரி கொடியில் கிடந்த தன் புடவையை இழுத்து, அதன் முந்தானை நுனியில் சாவியை முடிந்தாள். ரெண்டு முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம எனக்குக் கடை லீவு. உனுக்கு ஆபீஸு. வர்றேன்."

"வாம்மா. லீவு போட்டுட்டு நானும் இருக்கேன்."

"அதான் வேணாங்கறேன்" என்றாள் சாவித்ரி. "நான் வர்றப்ப நீ இருக்கக் கூடாது."