அஸ்வினின் விரலைத் தொடாத கதை

1

இந்தக் கதை எனக்கு ஓசூரில் ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தாய், யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "ஒரு வருசமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன். பய தண்ணி ஊத்தத்தான் படிச்சிருக்கான்." அவள் இறங்கிப் போய்விட்டாள், பேச்சு என்னோடு வந்துவிட்டது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். வந்த சரக்கை வந்தபடியே விற்றுப் பழக்கமில்லை.

2

[குழந்தையை மையமாகக் கொண்ட கல்வியின் வேர்களைத் தேடிப் போனால்— வேண்டாம். வாசகர் எழுந்து போவது இங்கிருந்தே தெரிகிறது.]

[பொழுது புலர்ந்தது. ஓசூர்— ஓசூரில் பொழுது எங்கே புலர்கிறது? ஷிப்ட் அல்லவா மாறுகிறது.]

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். உத்தனப்பள்ளிக்காரி சரிதா, சிப்காட் பக்கம் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். கரும்பலகை கிடையாது. முழங்கால் உயர மேசைகள், தண்ணீர் ஜக்குகள், விரலால் கோடு கிழிக்க ஒரு மணல் தட்டு. பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கும், எடுத்த இடத்திலேயே வைக்கும். டீச்சரின் வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பது.*

* இது சரிதா கண்டுபிடித்ததல்ல. ஜெர்மன்காரர் ஒருவர் சிறு பிள்ளைகளின் பள்ளிக்குத் தோட்டம் (கிண்டர்கார்டன்) என்று பெயர் வைத்தார். பின்னால் ரோம் நகரத்தில் ஒரு டாக்டரம்மா, தொழிலாளர் குடியிருப்பில் பள்ளி தொடங்கி, நாற்காலிகளைப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்யவைத்தார். நாம் குறுக்கே நிற்காவிட்டால் பிள்ளை தானே கற்கும் என்பது அவர் கட்சி. துணிக்கடைக்காரருக்கு இது புதிதல்ல: புடவையைப் பிரித்து மடியில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். (கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கதையில் தானாகப் பழுத்த மாம்பழம் உவமையாக வந்தே தீரவேண்டுமாம். வராது.)

3

நாலு வயது அஸ்வினின் அம்மா ஜெயமணியும் அப்பா மாடசாமியும் திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தால் பிள்ளையை நிறுத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். சரிதா கணக்குப் போட்டாள். அஸ்வின் நின்றால், அவனோடு ஒரே ஆட்டோவில் வரும் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் நிற்பார்கள். அப்புறம் பள்ளியே இல்லை.

[மாடசாமியை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் வாசலில் சிதறிக் கிடந்த குட்டிச் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். திட்டத்தைக் கைவிட்டேன்.]

"டீச்சர், வர்ற புதங்கெழம பெரிய ஸ்கூல்ல அடுத்த வருசத்துக்கு இண்டர்வியூ," என்றாள் ஜெயமணி. "பய 'ஏ' கூட எழுத மாட்டேங்கான்."

"கை பழகணும்க்கா. ஜக்கு தூக்கறது அதுக்கோசரம்தான்."

"எதுக்கு? ஓட்டல்ல சப்ளையரா சேக்கவா?"

அஸ்வின் இது எதையும் கேட்கவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மாடசாமி அவனருகே குந்தினார்.

"ஏல, அப்பிடிப் புடிக்கப்பிடாது. எடது கைய அடியில குடு." ஜக்கை வாங்கிக்கொண்டார். கம்பெனியில் லைன் லீடரான அவர் புதுப் பையன்களைப் பழக்குவது இப்படித்தான்.

அஸ்வின் டம்ளரையும் அவரிடமே கொடுத்தான். பிறகு போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். பள்ளிக்கு வந்த புதிதில் வாரக்கணக்காக அவன் நின்ற மூலை அது.

"இப்ப நீங்களே ஊத்துங்கண்ணா," என்றாள் சரிதா.

மாடசாமி ஊற்றினார். ஜக்கு சிறியது, கை பெரியது. பாதி தரைக்குப் போயிற்று.

"லைன் லீடராம்!" என்றாள் ஜெயமணி.

மூலையிலிருந்து அஸ்வின் திரும்பினான். துணியை எடுத்துவந்து அப்பாவின் கையில் வைத்தான். "தொட."

துடைத்தார்.

"இங்க."

அங்கேயும் துடைத்தார்.

[இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஜெயமணி லேசில் படியும் ஆள் இல்லை.]

"தொடைக்கவும் படிச்சாச்சு. எழுத? ஒரே ஒரு எழுத்து, இப்ப, என் கண்ணு முன்னால. இல்லன்னா திங்கக்கெழமையிலேருந்து அவன் ஆட்டோவுல ஏற மாட்டான்."

அஸ்வின் அதற்குள் மணல் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். சரிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பள்ளி பிழைக்கும். நானாக இருந்தால் இழுத்திருப்பேன்.

"நான் கையப் புடிச்சா ஒரு நிமிசத்துல எழுதிருவான்க்கா," என்றாள் சரிதா. "அது என் எழுத்து. அத நம்பி அனுப்பாதீங்க." இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

4

முடிவு அ: அஸ்வின் எழுதுகிறான், எல்லாரும் கண்ணைத் துடைக்— [அடித்துவிட்டேன். அவள் பிடிக்காத கையை நான் பிடிப்பதா?]

முடிவு ஆ: திங்கட்கிழமை ஆட்டோ காலியாக வந்து— [இதை எழுதவும் கை வரவில்லை. தவிர, அதுவும் அவனுக்காக நான் எழுதுவதுதான்.]

5

எனவே, வாசகரே, நான் எழுந்துகொள்கிறேன். என் குட்டி நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முழங்கால் தாடையில் இடிக்கும், பரவாயில்லை. அஸ்வின் விரலை மணலில் வைத்திருக்கிறான். மேலிருந்து கீழாக ஒரு கோடு வந்திருக்கிறது, கொஞ்சம் வளைந்து. எழுத்தோ, வேறெதுவோ. ஜெயமணி மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருக்கிறாள். கோடு தொடங்கியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

நீங்களும் திறக்காதீர்கள்.