நரி மாடல்

"இந்த கேமை நீங்க ஆடியிருக்கீங்களா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், பெங்களூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் மாடத்தியின் மேசைக்கு எதிரே குனிந்து நின்று இப்படிக் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்து பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது. அந்தப் பள்ளிக்கூடமும் பதினொன்றாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. "ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை சுடுறீங்க, ஒரு தடவைகூட ஆடினதில்லையா!" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை அடுத்த கைப்பிடியை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

அவர் சொன்ன எண்ணிக்கை சரிதான். ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் மூன்றாவது லைனில் வீடியோ கேம் ஆடுவதற்கான கைப்பிடிகள் தயாராயின. பேட் என்பார்கள். மாடத்தியுடையது கடைசி சோதனை மேசை. பேட்டைச் சட்டத்தில் பொருத்தி, வலது ஆள்காட்டி விரலால் ட்ரிக்கரைப் பத்து முறை இழுத்து விட வேண்டும். எதிரே சின்னத் திரையில் எண் ஓடும். இழுத்தால் நூறு, விட்டால் பூஜ்ஜியம். பச்சை விளக்கு எரிந்தால் பேட் பெட்டிக்குப் போகும். சிவப்பு எரிந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேட். விடுதிக்குப் போய்ச் சோற்றைப் பிசையும்போதும் அந்த ஒரு விரல் மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கும்.

பேட்டின் நடுவில் ஓர் ஓநாய்த் தலை பொறித்திருந்தது. பல நாடுகளில் ஆடப்படும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றின் முத்திரை அது. லைனில் இருந்த நாற்பத்தொரு பெண்களுக்கும் அது ஓநாயாகத் தெரியவில்லை. நரி என்றார்கள். வருடத்துக்கு ஒரு பாகம் வரும், அதற்கு ஒரு பேட் வரும். நரி மூணு, நரி நாலு என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். நரி நாலு வந்த வருடம் ஆர்டர் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. ஓடியது. பூசைக்குப் போக முடியாத கோபத்தில் பக்கத்து மேசை கிரேசி அந்த முத்திரையைப் பார்த்து, "உன் மூஞ்சில கொள்ளி வைக்க" என்று திட்டிக்கொண்டே திருகாணி முடுக்கினாள்.

நரி ஆறு வந்தபோது ஸ்பிரிங் மாறியது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. விரல் சொன்னது. ட்ரிக்கர் வழக்கத்தைவிட லேசாக உள்ளே போனது. விட்டதும் துள்ளித் திரும்பாமல் சோம்பலாக வந்தது. எண் பூஜ்ஜியத்துக்கு வராமல் ஐந்தில் நின்றது. காலை டீக்கு மணி அடிப்பதற்குள் அவள் பக்கத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டிய பேட்டுகள் மூன்று தட்டு நிறைந்துவிட்டன.

லைன் லீடர் சண்முகசுந்தரம் ஓடி வந்தார். வாலாஜாபாத்துக்காரர். எட்டு வருடமாக இதே லைன், அவரும் கான்ட்ராக்ட்தான்.

"இன்னாம்மா, சீமந்த வூடு மாதிரி தட்டு தட்டா வச்சிகினு கீற? ஒண்ணுகூடவா தேறல?"

"விட்டா பூஜ்ஜியத்துக்கு வரலண்ணே. அஞ்சுலயே நிக்கி. ஸ்பிரிங்கு தொளதொளன்னு இருக்கு."

"நீ ஸ்கிரீன பாரு. விரலுக்கு இன்னா தெரியும்?"

"ஸ்கிரீன்லயும் செவப்புதாண்ணே எரியுது."

கிரேசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சண்முகசுந்தரம் தட்டுகளைப் பார்த்தார், சுவரில் ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி எண்ணிக்கையைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டெக்னீஷியன் நிர்மல் வந்து அவளுடைய மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்தான். மாத்தூர்ப் பையன். இரண்டாவது பாகத்திலிருந்து அந்த விளையாட்டை ஆடி வருகிறவன். இரண்டு வரை பச்சை என்று இருந்த அளவை எட்டு வரை பச்சை என்று மாற்றினான். காலையில் ஒதுக்கிய பேட்டுகளிலிருந்து சிவப்புச் சீட்டுகளைச் சண்முகசுந்தரமே நின்று கிழித்தார். மாடத்தி அவற்றை மறுபடி பொருத்தி இழுத்தாள். எல்லாம் பச்சை.

"இது ஆடுதவங்களுக்குத் தெரியாதா?" என்று நிர்மலிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாமயா? விரல எடுத்த அப்பால கூட துப்பாக்கி ஒரு குண்டு சுட்டுடும். மறைஞ்சிகினு நிக்கறவன் மாட்டிகுவான். செத்தான்."

"யாரு?"

"நான்தான்."

"அதான் இப்டி எலும்பா கீறியா நீ," என்றாள் கிரேசி. "தெனம் செத்து செத்து."

அடுத்து வந்த பொங்கல் கழிந்ததும் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. அவற்றைப் பிரிக்கும் மேசையில் மாடத்தியை இரண்டு மாதம் போட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள் இருந்தது. திருப்பி அனுப்பக் காரணம் என்ன என்று அதில் ஒரு கட்டம். வாங்கியவர்கள் தங்கள் கையால் நிரப்பியிருந்தார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். மாடத்தி எழுத்துக் கூட்டி வாசித்தாள். புரியாத வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் டீ நேரத்தில் நிர்மலிடம் கேட்டாள்.

விரலை எடுத்தாலும் சுடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டுக்குள் நான்கு வருடமாக அதே கட்டடம், அதே படிக்கட்டு, சுவருக்கு மட்டும் வேறு சாயம் என்று இன்னொருவர். நல்ல துப்பாக்கிக்குத் தனியாகக் காசு கேட்கிறீர்கள், காசு கொடுத்தவன் வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போகிறான் என்று ஒருவர். ஒரு தாளை அவள் இரண்டு முறை வாசித்தாள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆடுவோம். இரண்டு பேர் போனில் சும்மா கிடைக்கிற புது விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். மீதி மூன்று பேர் இருந்து என்ன செய்வது, அதனால் நாங்களும் போகிறோம்.

இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே மூன்றே வகைதான் இருந்தன: உடைந்தது, மாறி வந்தது, மற்றவை. எதில் போடுவது என்று அவள் கேட்டபோது, "எல்லாத்தையும் மற்றவைல போடு. மேல அதான் சொல்லிகீறாங்க," என்றார் சண்முகசுந்தரம். தாள்கள் கழிவுத் தொட்டிக்குப் போயின.

மார்ச்சில் நிர்மலும் அந்த விளையாட்டை விட்டுவிட்டான்.

"நீங்களுமா?" என்றாள் மாடத்தி.

"பின்ன? பஸ்ல ஒக்காந்துகினு போன்ல பத்து நிமிஷத்துல ஒரு ஆட்டம் முடிஞ்சிடுது. நரி ஆற டவுன்லோட் பண்ணவே எங்க வூட்டு நெட்டுல ரெண்டு நாள் ஆவும். அதுக்கு கம்ப்யூட்டர்ல புது கார்டு வேற வாங்கி மாட்டணும்." டீக் கோப்பையை நசுக்கினான். "புச்சா ஒண்ணு வந்துச்சேன்னு போவல மாடத்தி. பழசையே கொஞ்சம் ஒழுங்கா குடுத்திருந்தா யாரு போவப் போறா? இன்னா குடுத்தாலும் வாங்குவானுங்கன்னு நெனச்சான் பாரு, அதான்."

ஆகஸ்டில் லைன் வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கே பெல்ட்டை நிறுத்தி எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேசைகளை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், முழங்கை ஒட்டியது. எச்.ஆர். கனிஷ்கா முன்னால் நின்றாள். மாடத்தியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும். பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"இது யாரோட தப்பும் இல்ல. ட்ரெண்ட் மாறிடுச்சு. இப்ப இருக்குற பசங்க வேற கேமுக்குப் போயிட்டாங்க. நரி... சாரி, அந்த சீரிஸுக்கு இப்ப ஆளே இல்ல."

"பரவால்ல மேடம், நரின்னே சொல்லுங்க," என்றாள் கிரேசி. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"லைன் த்ரீ இன்னையோட க்ளோஸ். இந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டு போங்க. வேற பிளான்ட்ல ஆள் எடுக்கும்போது உங்க பேரை முதல்ல சொல்றோம்."

"கையெழுத்துப் போடலன்னா?" என்று நடு மேசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நாளையிலேர்ந்து உங்க கார்டு கேட்ல வேலை செய்யாது. இந்த ஏரியாவுல வேற எங்க வேலைக்குப் போனாலும் எங்ககிட்டதான் விசாரிப்பாங்க. அதையும் யோசிச்சுக்குங்க."

சண்முகசுந்தரம் மேசை மேசையாகப் போய்த் தாளும் பேனாவும் வைத்தார். பேனாக்கள் புதியவை. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய வாங்கி வந்திருந்தார்கள். மாடத்திக்கு முன்னால் வைக்கும்போது, "போட்டுட்டுப் போம்மா, வம்பு வேணாம்," என்று அவள் காதுக்கு மட்டும் சொன்னார்.

தாளில் அவள் பெயர், அட்டை எண், சேர்ந்த தேதி எல்லாம் அச்சடித்திருந்தது. விலகக் காரணம் என்ற கட்டத்துக்குள்ளும் அச்சடித்திருந்தது: சொந்தக் காரணங்களுக்காக, என் விருப்பத்தின் பேரில்.

பின்வரிசையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிராமல் இருந்தார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம். மாடத்தி பேனாவை எடுத்தாள். விறைத்த விரலை மடக்கி அழுத்திப் பிடித்தாள். கட்டத்துக்குள் இருந்ததை ஒரே கோடாக அடித்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள். கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதினாள், அப்புறம் தாளைத் திருப்பினாள்.

கனிஷ்கா அதைக் கவனித்து நடந்து வந்தாள். "என்ன எழுதுற? கையெழுத்து மட்டும் போதும்."

மாடத்தி எழுந்து நின்றாள். காது இரண்டும் சூடாகிவிட்டன. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"காரணம் எழுதுதேன் மேடம்."

"அதான் பிரிண்ட் பண்ணியிருக்கே."

"அது எங்க காரணம் இல்ல." குரல் முதலில் உடைந்தது, பிறகு நேரானது. "ரெண்டு மாசம் திரும்பி வந்த பொட்டியெல்லாம் நான்தான் பிரிச்சேன். வெளையாட்ட விட்டுட்டுப் போறவங்கூட காரணத்த அவனே எழுதுதான். வேலைய விட்டு அனுப்புத எங்களுக்கு மட்டும் நீங்களே என்னத்துக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

"என்னடி எழுதின, சத்தமா படி," என்றாள் கிரேசி.

மாடத்தி தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.

"நான் விலகவில்லை. ஸ்பிரிங் சரியில்லை என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன். சீட்டைக் கிழித்து, சிவப்பைப் பச்சையாக மாற்றினார்கள். ஆடுகிறவர்கள் ஏன் விட்டுப் போகிறோம் என்று எழுதி அனுப்பினார்கள். அதை 'மற்றவை' என்று போடச் சொன்னார்கள். பழையதையே சாயம் மாற்றி விற்றதால் அவர்கள் போனார்கள். அவர்கள் போனதால் லைனை மூடுகிறார்கள். இது என் சொந்தக் காரணம் இல்லை. மாடத்தி, லைன் மூன்று, கடைசி மேசை."

கனிஷ்காவின் முகம் சிவந்தது. "உலகம் பூரா ஒரு கேமை விட்டுப் போறாங்க, அதுக்கு ஒரு ஸ்பிரிங்தான் காரணமா?"

"ஸ்பிரிங்கு மட்டும் இல்ல மேடம். ஆனா எங்க கைக்குத் தெரிஞ்சது அதுதான். அத அன்னைக்கே சொன்னோம்."

"எனக்கும் அதையே எழுதிக் குடுறீ," கிரேசி தன் தாளை அவளிடம் தள்ளினாள். "கடைசில கையெழுத்து மட்டும் நான் போட்டுக்கறேன். முதல்ல அந்தச் சொந்தக் காரணத்த அடி. எனக்கு இன்னா சொந்தக் காரணம்? மாமியார் சாவக்கூட இல்ல."

இந்த முறை சிரித்தார்கள். இன்னொரு தாள் நகர்ந்து வந்தது. எதிர் மேசையில் ஒருத்தி தானே கோடு அடித்தாள். பின்வரிசையில் கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருத்தி தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கனிஷ்கா முன்மேசைக்குத் திரும்பிப் போய்க் கோப்பை மூடினாள். மறுபடி திறந்தாள். "எப்படி எழுதினாலும் லைன் க்ளோஸ்தான். அதுல மாற்றம் இல்ல. சண்முகசுந்தரம், கையெழுத்துப் போட்டதை மட்டும் கலெக்ட் பண்ணுங்க." கோப்பின் அடியிலிருந்து இன்னும் ஒரு தாளை உருவினாள். அவரைப் பார்க்காமலே நீட்டினாள். "இது உங்களோடது. லைன் இல்லன்னா லீடர் போஸ்ட்டும் இல்ல. மேல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் வாங்கி வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தார். பெயர், அட்டை எண், எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதத் தேதி, அதற்குக் கீழே அதே கட்டம். வெளியே கம்பெனி பஸ்ஸின் டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.

சண்முகசுந்தரம் அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனார். ஒரு பேனாவை எடுத்து மூடியைச் சொருகி டப்பாவில் போட்டார். அடுத்ததை எடுத்தார். மாடத்தி கிரேசியின் தாளில் கடைசி வரியை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அவள் நீட்டிய பேனாவையும் வாங்கிக்கொண்டார். கனிஷ்கா இரண்டு முறை கூப்பிட்டாள். பின்வரிசைவரை போய்ப் பேனாக்களை ஒன்று விடாமல் எடுத்தார், தாள் ஒன்றையும் தொடவில்லை. டப்பாவை அழுத்தி மூடினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.