சிவப்புக்கு ரெண்டு

பத்தொன்பது வருஷமாக மல்யுத்த ரெஃப்ரியாக இருக்கிறேன். கொடுத்த புள்ளியைத் திரும்ப வாங்கினதே இல்லை. பிழைப்புக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி கிளம்பிய நேரத்தை எழுதினால் எழுதினதுதான், டிரைவர் காலில் விழுந்தாலும் அடித்துத் திருத்த மாட்டேன். திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு விரிப்பின் ஓரத்தில் ஜட்ஜாக உட்கார்ந்திருந்தது என் நாத்தனார். வீட்டில் நான் உப்பு குறைச்சல் என்றால் அவள் கரிக்கிறது என்பாள். விரிப்புக்கு வந்தால் மட்டும் நான் தூக்கும் கை எதுவோ அதே நிற அட்டையைத் தூக்குவாள். என் இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, வலதில் நீலம். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டால் மேஜையில் இருக்கும் சேர்மன் வாயே திறக்க மாட்டார். அண்ணியும் நாத்தனாரும் இவ்வளவு ஒற்றுமையா என்று மற்றவர்கள் கிண்டல் செய்தபோதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெண்கள் பிரிவின் இறுதிப் போட்டி அது. ஜெயிப்பவளுக்குத் தேசிய அணியில் இடம். சிவப்பு உடையில் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்தொரு வயது. நீலத்தில் ஒரு நர்ஸ், முப்பதைத் தொட்டவள். இந்தத் தடவை இல்லாவிட்டால் இனி கிடையாது என்று தேர்வுக்குழு அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தது. புள்ளி தப்பு என்று பட்டால் வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் கேட்டுத் தோற்றால் மறுபடி கேட்க முடியாது. நர்ஸின் கோச் முதல் பாதியிலேயே அந்த வாய்ப்பைப் பாழாக்கியிருந்தார்.

இரண்டுக்கு இரண்டு. பதினோரு வினாடி பாக்கி. ஒருத்தி இடுப்பை ஒருத்தி கட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தார்கள். நான் சுற்றி ஓடினேன், அதுவும் தப்பான பக்கமாக. ஒருத்தி இழுத்தாள், ஒருத்தி திருப்பினாள், இருவரும் சேர்ந்து உருண்டார்கள். யார் யாரை வீசினது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டது விரிப்பில் பதிந்த நீலத்தின் முதுகு மட்டும். ரெஃப்ரி தெரியவில்லை என்று முழித்துக்கொண்டு நிற்பதா என்ற வீம்பில் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன். நாத்தனாரைப் பார்த்தேன். சிவப்பு அட்டை. அப்பாடா என்றிருந்தது. நேரம் முடிந்து மணி அடித்தது.

நடுவில் நின்று இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்தேன். ஜெயித்தவள் கையைத் தூக்கிவிட்டால் அதோடு சரி, அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. தூக்குவதற்கு முன்னால் சந்தேகம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேரும் கூடி வீடியோ பார்க்கலாம்.

சிவப்புக்காரி உதட்டை அசைக்காமல் சொன்னாள். "அக்கா, அது எனக்கில்ல. அவங்கதான் என்னைத் தூக்கிப் போட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று முளைத்தது எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டது. "வாயை மூடிட்டு நில்லு" என்றேன்.

"கேளுங்கக்கா."

கையைக் கீழே இறுக்கிக்கொண்டாள். சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவள் சொல்வது நிஜம் என்று அந்த வினாடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பைத்தியம் பொய் சொல்லித் தன் இடத்தை விட்டுக்கொடுக்கும்? ஆனாலும் இத்தனை பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் சொல்லி நான் மாற்றிக்கொள்வதா? நானும் ஒரு காலத்தில் மல்யுத்தம் பண்ணினவள்தான். இருந்த பலத்தை எல்லாம் போட்டு அவள் கையை மேலே தூக்கினேன்.

அவள் எனக்குக் கை கொடுக்காமல் அழுதுகொண்டே போனாள். நர்ஸ் வந்து முறைப்படி என் கையைக் குலுக்கிவிட்டுத் தள்ளி நின்றாள்.

நேராக நாத்தனாரிடம் போனேன். "நீ பாத்தல்ல? சிவப்புதானே?"

அவள் அட்டைகளை அடுக்கினாள். "எனக்கு நீலம்னுதான் பட்டுது."

"அப்புறம் ஏண்டி சிவப்பைத் தூக்கின?"

"நீங்க கிட்ட நின்னீங்க, அண்ணி. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

அதற்குள் கூடத்தில் கைதட்டல் கேட்டது. திரும்பினால், நர்ஸ் விரிப்பின் நடுவில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் விளையாட்டில் ஷூவை விரிப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனால், இனி விளையாட வர மாட்டேன் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

ஷூவை எடுத்தேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது. உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"நான் தப்பாத் தூக்கிட்டேன்மா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா எனக்குக் கை குடுத்த?"

"நீங்க நிஜமாவே அப்படிப் பாத்திருப்பீங்கன்னுதான் குடுத்தேன். கண்ணு தப்பறது யாருக்கும் நடக்கறதுதானே." என் முகத்தையே பார்த்தாள். "அப்படித்தானேக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள், நானும் போயிருப்பேன். முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "கை தூக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எனக்குக் கொடுத்த கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.