கிணற்றடிப் பாசி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் மருதையன் தன் மனைவி அல்லியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து காரைக்கால் பக்கத்திலிருக்கும் நெரவி ஊர்ப் படிப்பகத்துக்குக் கூட்டி வருவான். ஏறி மிதிக்க மாட்டான். வண்டி குலுங்கினால் அவளுக்கு இடுப்பு வலிக்கும் என்பதால் வீட்டிலிருந்து படிப்பகம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வருவான். படியருகில் வண்டியைச் சாய்த்துப் பிடித்து, அவளை இறக்கி, சுவரோரம் முக்காலி போட்டு உட்கார வைத்த பிறகுதான் வெளியே போய் ஆன்டெனாக் குழாயைத் திருப்புவான். தெற்கே கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டால் சிங்களத்தில் யாரோ செய்தி வாசிப்பார்கள். உள்ளேயிருந்து பெண்கள், "போதும் அண்ணே, இல்ல இல்ல, பழைய எடத்துக்கே வுடுங்க" என்று குரல் கொடுப்பார்கள்.

கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை மருதையனுக்கு. படிப்பகத்து டிவிப் பெட்டியின் சாவியும் அவனிடம்தான் இருந்தது.

அது எண்பத்தாறாம் வருடம். ஊர்ப் பெண்களுக்கு அப்போது வேலாயுதம்தான் பேச்சு. வேலாயுதம், டிவியில் வாராவாரம் வந்த தொடரில் ஒரு லாரி டிரைவர். பெண்டாட்டியிடம் அன்பாக ஒரு சொல் சொல்ல மாட்டான். குழம்பு எப்படி என்று அவள் கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவான். ஆனால் அவள் செருப்பு அறுந்தால் விடிவதற்குள் தைத்து வாசலில் வைத்திருப்பான். அவள் காய்ச்சலில் படுத்தால், அவள் கண் விழிப்பதற்குள் குடங்களையெல்லாம் நிரப்பிவிட்டு லாரி எடுக்கப் போயிருப்பான். அவள் நிரம்பிய குடங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு அந்த வாரம் முடியும். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

"ஒனக்கென்னடி குறைச்சல்," என்பாள் பக்கத்து வீட்டு அமுதம். "நாங்க பொட்டியில பாக்குறத நீ வூட்டுல வச்சிருக்குற."

அல்லி டிவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அமுதம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மருதையன்தான் தண்ணீர் எடுத்தான், சோறு வடித்தான். ஆம்பிளை தொடக் கூசுகிற துணிகளைக்கூடக் கிணற்றடியில் உட்கார்ந்து கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டான். ஊர் அதை முதலில் கேலி செய்தது. டிவியில் வேலாயுதம் வந்த பிறகு மெச்ச ஆரம்பித்தது.

கல்யாணமான புதிதில் மருதையன் வாய் ஓயாதவனாக இருந்தான் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். மோட்டார் அறையில் பார்த்த பாம்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். அவள் பிறந்த ஊரான போலகத்துக்காரர்களின் பேச்சை நடித்துக் காட்டி அல்லியைச் சிரிக்க வைப்பான். குடித்தால் மட்டும் வேறு ஆள். காரைக்காலில் சாராயத்துக்கா பஞ்சம்?

எண்பத்து நாலு சித்திரையில் அல்லிக்கு எட்டு மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று துணியை மூட்டை கட்டி வைத்திருந்தாள். மத்தியானம் குடித்துவிட்டு வந்த மருதையன் மூட்டையைப் பார்த்தான். "என் புள்ள என் வூட்டுலதான் பொறக்கணும்" என்றான். அவள் ஏதோ எதிர்த்துச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். அவன் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவன் இரண்டு கைகளாலும் தள்ளினான். கிணற்று மேடையின் கட்டை விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அல்லிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எப்படி விழுந்தாள் என்று லேடி டாக்டர் கேட்டபோது, கட்டிலின் கால்மாட்டில் நின்ற மருதையன் முந்திக்கொண்டு சொன்னான்.

"கெணத்தடியில பாசிங்க. வழுக்கிருச்சு."

அல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். போதையெல்லாம் இறங்கிப்போய் அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவளிடம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். அவளுக்குப் பேசத் தெம்பில்லை. டாக்டரிடம்தான் சொல்லப் பயப்படுகிறான், வீட்டுக்குப் போனதும் தன்னிடம் அழுவான் என்று நினைத்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று அவன் செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்று மேடையைத் தேய்த்தான். சித்திரை வெயிலில் மேடை அடுப்புக் கல் மாதிரி காய்ந்து கிடந்தது. இல்லாத பாசியை அவன் வியர்க்க வியர்க்கத் தேய்த்ததை அல்லி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சிமெண்ட் வாங்கி வந்து, கால் வழுக்காதபடி சொரசொரப்பாகப் பூசினான். வந்து பார்த்தவர்கள், "இத முன்னமே செஞ்சிருக்கலாம் தம்பி" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அவன் குடிக்கவில்லை. அதன் பிறகு பேசவுமில்லை.

ஆறேழு மாதம் கழித்து, அவன் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அல்லி கேட்டாள்.

"என்னைய எதுக்குத் தள்ளுனீங்க?"

அவன் கை நிற்கவில்லை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சண்டை போடல. போலீசுக்கா போவப்போறேன்? நாந்தான் தள்ளுனேன், புள்ள போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"ஒலை கொதிக்குது," என்று அவன் எழுந்து போனான்.

இரண்டு நாள் கழித்து, ஒரு செருப்புக்கு மட்டும் அடியைத் தடிமனாக வைத்துத் தைத்த ஜோடி ஒன்று கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தான். காரைக்காலில் சொல்லிச் செய்தது. குட்டையாகிப்போன காலுக்கு அது சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வீட்டுக்குள் நடந்தாள். அவன் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னைவிட அதிகமாக அவன் வதைபடுகிறான் என்றும் தெரியும். அதனால் அவளால் அவனை முழுசாக வெறுக்கக்கூட முடியாமல் போயிற்று.

ஒருமுறை அல்லியின் அம்மா குஞ்சம்மா போலகத்திலிருந்து வந்திருந்தாள். மருதையன் வேலைக்குப் போன நேரத்தில் அல்லி நடந்ததையெல்லாம் சொன்னாள். குஞ்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "யாருகிட்டயாவது சொன்னியா?" என்றாள்.

"இல்ல."

"சொல்லாத. ஒங்கப்பன் அடிச்ச அடிக்கு எனக்கு ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. இவரு ஒஞ் சீலைய தொவைக்கிறாரு. அதுக்கு மேல வாயால வேற சொல்லணுமா?"

"சொல்லணும்மா."

"எதுக்கு?"

"அந்தப் புள்ளைய நாந்தான் வழுக்கி வுழுந்து தொலைச்சிட்டேன்னு ஊரு பூரா நெனைக்குது. கவனமில்லாதவன்னு உன் மருமவளே பேசுறா. கொஞ்ச நாளா எனக்கே சந்தேகமா இருக்கும்மா. பாசி இருந்துச்சோன்னு தோணுது."

குஞ்சம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, மருமகன் வந்ததும் முதல் தட்டை அவனுக்கு வைத்தாள்.

தொடர் முடிகிற வாரம் படிப்பகத்தில் நிற்க இடமில்லை. மாலைப் பேருந்தில் வேலையிலிருந்து திரும்பிய ஆண்கள்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் வேலாயுதம் லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்றாள். வேலாயுதம் கையை மட்டும் வெளியே நீட்டினான். அவள் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். படிப்பகமே விசும்பியது.

"அவளாச்சும் தெரியும்னு சொன்னா," என்று அமுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "நம்ம அல்லி அதையும் சொல்ல மாட்டா. கல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அல்லி முக்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வேலாயுதம் அவளத் தள்ளி வுட்டுட்டா தண்ணி தூக்குனான்?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்.

"என்னையத் தள்ளுனது இவருதான். எட்டு மாசம் எனக்கு. அங்க பாசி இல்ல. கெணத்தடி காஞ்சு கெடந்துச்சு."

ஆன்டெனாவை விட்டுவிட்டு மருதையன் கதவருகே வந்து நின்றிருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அல்லியும் பார்த்தாள்.

"சொல்லுங்க. நான் சொல்றது பொய்யா?"

அவன் உதடு அசைந்த மாதிரி இருந்தது. கூட்டம் அவனுக்காகக் காத்திருந்தது. டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே வந்து டிவியை அணைத்தான். பெட்டியைப் பூட்டினான். வெளியே போய் சைக்கிளைப் படியோரம் கொண்டுவந்து, அவள் ஏறுவதற்குத் தோதாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அல்லி ஏறவில்லை. நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். "புருசன்னா ஆயிரம் இருக்கும். அத சபையில வச்சா பேசுவாளுவ?" என்று யாரோ ஒரு பெண் சொன்னது இருவர் காதிலும் விழுந்தது. "பாவம் அந்த மனுசன்" என்று சொன்னது அமுதம்.

மறுநாள் காலையில் அல்லி துணியை மூட்டை கட்டினாள். அவன் தடுக்கவில்லை. மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டான். பேருந்து வந்ததும் கை காட்டி நிறுத்தினான். கண்டக்டரிடம் பேசி முன்பக்க சீட்டில் அவளை உட்கார வைத்து, போலகத்துக்கு டிக்கெட் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இங்க நம்மூரு ஆளுங்க யாருமில்ல. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் எறங்கிடுறேன்."

அவன் கண் கலங்கியது. "எண்ணெ மூட்டையில இருக்கு," என்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவன் இறங்கிக்கொண்டான்.

போலகத்தில் அவளை யாரும் வரவேற்கவில்லை, விரட்டவுமில்லை. அம்மாவும் ஒண்டியிருந்த அண்ணன் கருப்பையன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. மாதம் பிறந்தால் மருதையன் யார் மூலமாவது அரிசி மூட்டை அனுப்பிவிடுவான். "இப்புடி ஒரு புருசன வுட்டுட்டு வந்து குந்தியிருக்கியே" என்று அண்ணி அந்த அரிசியை உலையில் போட்டுக்கொண்டே பேசுவாள். முதல் மாதம் அல்லி அந்தச் சோற்றைத் தொடவில்லை. பிறகு தின்றாள். வேறு சோறு இல்லை. பட்டினச்சேரிப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகையில் உட்கார்ந்த வேலை ஒன்று கிடைத்த பிறகு, தனியாக ஒரு அடுப்பு வைத்துக்கொண்டாள். அரிசி மட்டும் நிற்காமல் வந்தது. அண்ணி வாங்கிக்கொண்டாள்.

எண்பத்தெட்டில் ஒருநாள் அமுதம் அந்தக் கொட்டகையைத் தேடிக்கொண்டு வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. இறால் ஓட்டுக் குவியலைத் தாண்டி வந்து, அல்லியின் பக்கத்தில் குந்தினாள். இடுப்பிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அல்லி, நீ சொன்னது நெசந்தான்டி. நாங்கதான் அன்னிக்கு ஒன்னையத் தப்பாப் பேசிட்டோம்."

அல்லி இறால் உரிப்பதை நிறுத்தினாள்.

அம்பகரத்தூர் அம்மன் கோயிலில் நடந்ததை அமுதம் சொன்னாள். நல்ல கூட்டம். ஊரிலிருந்து எல்லோரும் போயிருந்தார்களாம். தீபாராதனை காட்டும்போது மருதையன் தடாலென்று தரையில் விழுந்தானாம். "நாந்தான் தாயே தள்ளுனேன், எம் புள்ளைய நாந்தான் கொன்னேன்" என்று மண்டபமே கேட்கும்படி கதறினானாம். நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்ததாம்.

"அழாத ஆளு இல்ல தெரியுமா," என்றாள் அமுதம். "பூசாரியே கண்ணத் தொடைச்சிக்கிட்டாரு. இந்தக் காலத்துல எந்த ஆம்பள இப்புடி ஒத்துக்குவான்? ஊரே அவர கையெடுத்துக் கும்புடுது. அம்மா மன்னிச்சிட்டான்னு பூசாரி விபூதி போட்டு அனுப்பினாரு. வூட்டுக்கு வந்து சுண்ணாம்பு அடிச்சு, ஒனக்குன்னு புதுசா கட்டிலு வாங்கிப் போட்டிருக்காரு."

"அவரு ஒங்கள அனுப்புனாரா?"

"அனுப்பல. அவரு எங்க வாயத் தொறக்குறாரு? நானாத்தான் வந்தேன். நீ கேட்டத அவரு சொல்லிட்டாருல்ல. இன்னும் என்ன?"

அல்லி கையிலிருந்த இறாலின் தலையைக் கிள்ளி, முதுகு நரம்பை உருவிப் போட்டாள்.

"யாருகிட்ட சொன்னாரு?"

"அம்மாகிட்டதான்."

"அம்மாவையா தள்ளுனாரு?"

அமுதம் பொட்டலத்தை நீட்டினாள். அல்லி தன் கையைக் காட்டினாள். இரண்டு கையும் இறால் நீரில் ஊறி வெளுத்திருந்தன.

"கை கவுச்சியா இருக்கு. அந்த மரப்பெட்டி மேல வச்சிட்டுப் போங்க."

வைத்த பிறகும் அமுதம் எழுந்திருக்கவில்லை. அல்லி அடுத்த இறாலை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். கொட்டகைக்காரர் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அமுதம் முட்டியில் கையூன்றி எழுந்து, புடவையில் ஒட்டிய ஓடுகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நெரவிக்கு அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?" என்றாள்.

"இப்ப வர்ற நேரந்தான்," என்றாள் அல்லி. "வெரசா போங்க. இத வுட்டா ரொம்ப நேரம் நிக்கணும்."