பஸ்காரி ஏறிய படகு

"சின்னவளுக்குச் சரியான ஜாக்கெட் வர்ற வரைக்கும் நான் இந்தப் படகில ஏறமாட்டேன். என் பொண்ணும் ஏறமாட்டா. சின்னவளையும் ஏத்த விடமாட்டேன்."

படகுத்துறையின் நட்டநடுவில் நின்று அவள் இதைச் சொன்னபோது, அவளுடைய மூத்தார் ஏற்கெனவே படகில் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கணவரின் அண்ணன். வீட்டில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். கப்பலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொத்தவிலைக் கிடங்கு ஒன்றில் மேலாளர். ஆனால் குடும்பத்தில் யார் எந்தக் காரில் ஏறுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, போட்டோவில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். இந்த மூன்று நாள் சுற்றுலாவும், ஏரிக்கரை வீடும், இந்த மோட்டார் படகும் அவருடைய ஏற்பாடுதான்.

"இது உன் ஸ்கூல் பஸ் இல்லம்மா" என்றார் கேப்டன். "தண்ணியில சிக்னல் கிடையாது. ஏறு."

அவள் பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், சாயங்காலம் அதே நாற்பத்திரண்டு. கடைசிப் பிள்ளை பெல்ட் போடும்வரை வண்டியை நகர்த்தமாட்டாள். பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள். புகார் சொல்லவந்த பெற்றோரும் உண்டு. வந்த வேகத்திலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

முந்தின நாள் சாயங்காலம், மற்றவர்கள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் துறைக்கு நடந்து வந்திருந்தாள். எதிர்க்கரையே கண்ணில் படாத ஏரி அது. படகுகளை வாடகைக்கு விடும் துறைக்காரர் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், இந்த ஏரியில் என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று வரிசையாகக் கேட்டாள்.

துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எழும்பும். இங்கே அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வரும். தீவுக்கு அந்தப் பக்கம் போனால் காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும், விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிஷம் மூச்சே திணறும். படகு கவிழ்ந்தாலும் அதை விட்டுவிட்டு நீந்தக்கூடாது, பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டும். ஓட்டுகிறவர் அந்தச் சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளவேண்டும், அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நின்றுவிடும்.

"வர்ற குடும்பம் எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்றேன்" என்றார். "பாதிப் பேர் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டே தலையாட்டுவாங்க. கேள்வி கேட்டது நீங்கதான்."

இப்போது காலை ஒன்பது மணி வண்டி பதினொன்றுக்குக் கிளம்பும் கதையாக எல்லோரும் துறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கேப்டன் ஒரு ஐஸ்பெட்டி, நான்கு மடக்கு நாற்காலி, ஒரு பெரிய குடை எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார். லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கைமேல் மெத்தைபோல் பரப்பிக் கிடந்தன. அவருடைய ஐந்து வயது மகள் சின்னவளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதற்குள் குழந்தையின் முகம் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் குனிந்து அந்த ஜாக்கெட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினாள். ஜாக்கெட் மட்டும் கையோடு வந்தது. சின்னவள் நின்ற இடத்திலேயே நின்று கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அத்தான்? தண்ணியில இதேதான் நடக்கும். ஜாக்கெட் மேல மிதக்கும், புள்ள கீழ போகும்."

அவள் கணவர் பக்கத்தில் வந்து முழங்கையைத் தொட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், மனிதர் தங்கம். அண்ணன் முன்னால் மட்டும் பேச்சு வராது. "விடேன். காலங்காத்தால எதுக்கு? அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்று முணுமுணுத்தார்.

"மனசு கஷ்டப்பட்டா ரெண்டு நாள்ல ஆறிடும்" என்று அவள் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

ஓரகத்தி, அதாவது கேப்டனின் மனைவி, தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லிக் கேட்டவர் கிடையாது. இப்போது அதையும் சொல்லவில்லை.

துறைக்காரர் கிடங்கைக் குடைந்து, சின்னவள் அளவுக்கு ஒரு மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். கால்களுக்கிடையே மாட்டும் பட்டையும் அதில் இருந்தது. அவள் மாட்டி, இறுக்கி, தோளைப் பிடித்துத் தூக்கினாள். இந்தத் தடவை ஜாக்கெட்டோடு குழந்தையும் மேலே வந்தது. பிறகு நாற்காலிகளைக் கரையில் இறக்கினாள். ஆறு பேர் என்று படகின் தகட்டில் எழுதியிருக்கிறது, ஆறு பேரும் கூடவே ஒரு வீட்டுச் சாமானும் என்று எழுதவில்லை என்றாள். ஒரு தாளில் "தீவுவரை. இரண்டு மணிக்குள் திரும்புவோம்" என்று எழுதித் துறைக்காரர் கையில் கொடுத்தாள்.

கேப்டனின் முகம் கறுத்துவிட்டது. ஊர் முன்னால் மானம் போகக்கூடாதே என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். கொக்கிகளைப் போடவில்லை, காற்று வரவேண்டுமாம். சிவப்புக் கயிற்றை அவள் நீட்டியபோது, "நான் என்ன கன்னுக்குட்டியா, கட்டிப் போட?" என்றார்.

அவள் ஏறினாள். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தது தப்பு என்று ஏறும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

தீவுவரை ஒரு குறையும் இல்லை. அவளுடைய ஒன்பது வயது மகள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தீவில் இறங்கிச் சாப்பிட்டார்கள். கேப்டன் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். மணி ஒன்று ஆனதும் அவள் பாத்திரங்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? தீவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை மணல் தெரியுது பாருங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றார் கேப்டன்.

"அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு துறைக்காரர் சொன்னாரு அத்தான். காத்து வர்ற நேரம்."

"எங்க காத்து? ஒரு இலை ஆடுதா?"

எல்லோரும் ஏறியதும் படகை அந்தப் பக்கமே திருப்பினார். ஓடும் வண்டியில் ஓட்டுகிறவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் படகின் நடுவில் தரையோடு உட்காரவைத்தாள். "அம்மா, ஏன் கீழ உக்காரணும்?" என்று மகள் கேட்டாள். "ஏன்னா நான் சொல்றேன்" என்றாள்.

மணலை எட்டவே இல்லை. தீவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மேற்கே தண்ணீரின் நிறம் மாறியது. கறுப்பாக ஒரு கோடு. அது அகலமாகிக்கொண்டே வந்தது. பிறகு காற்று வந்தது. குடை பறந்து போனது, யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. துறைக்காரர் சொன்ன அதே அலைதான், குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடம் கொடுக்காமல்.

கேப்டன் பதறிப்போய்ப் படகைத் திருப்பி, வந்த வழியே முழு வேகத்தில் விட்டார். அலை பக்கவாட்டில் அறைந்தது. ஒரு வாளி தண்ணீர் உள்ளே வந்தது, இன்னொரு வாளி வந்தது. "வேகத்தைக் குறைங்க! உக்காருங்க!" என்று அவள் கத்தினாள். அவரோ வழி தெரியவில்லை என்று எழுந்து நின்றார்.

அடுத்த அலையில் அவர் நின்ற இடம் காலியாக இருந்தது.

ஓரகத்தி போட்ட அலறலில் குழந்தைகளும் அலறின. ஓட்டுகிறவர் இல்லாத படகு தன்பாட்டுக்கு வளைந்து பாய்ந்துகொண்டிருந்தது. அவள் தவழ்ந்தே போய் வேகக் கைப்பிடியை இழுத்து இன்ஜினை அடக்கினாள். சிவப்புக் கயிறு காலடியில் கிடந்தது. எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

"அவர்மேல வச்ச கண்ணை எடுக்காதீங்க!" என்று கணவரிடம் சொன்னாள். "கையை நீட்டிக் காட்டிக்கிட்டே இருங்க. அக்கா, படகு கட்டுற கயித்தை எடுங்க. அழுறதை அப்புறம் வச்சுக்கலாம்."

ஐம்பது அடி தள்ளி அலைக்கு நடுவே கேப்டனின் தலை தெரிந்தது. கொக்கி போடாத ஜாக்கெட் காதுவரை ஏறிக்கிடந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"நீந்தாதீங்க அத்தான்! ஜாக்கெட்டை விட்டுடாதீங்க! முதல்ல மூச்சு! மூச்சை மட்டும் பாருங்க!"

படகின் முகத்தைக் காற்றுக்குக் காட்டி, மெதுவாக, பிள்ளைகள் இறங்கும் நிறுத்தத்தில் பேருந்தை ஒட்டி நிறுத்துவதுபோல, அவர் அருகே கொண்டுபோனாள். பக்கத்தில் வந்ததும் இன்ஜினைச் சுத்தமாக நிறுத்தினாள். ஓரகத்தி வீசிய கயிறு முதலில் தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினாள். இந்தத் தடவை அது கேப்டனின் தோள்மேல் விழுந்தது. படகின் பின்பக்கம் கொண்டுவந்து, தம்பியும் மனைவியும் சேர்ந்து அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். தரையில் கிடந்து பல் தந்தியடிக்க, "வீட்டுக்கு... நேரா வீட்டுக்கு விடு" என்றார்.

"நேரா போனா எல்லாரும் உங்களை மாதிரி தண்ணியிலதான் கிடப்போம். பேசாம கிடங்க" என்றாள் அவள்.

அலைக்குப் பக்கத்தைக் காட்டாமல், பின்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டி, நடை வேகத்தில் ஏறி இறங்கித் தீவின் மறைவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கிழக்குக் கரையில் காற்றே இல்லை. அங்கே படகைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். கேப்டனின் ஈரச் சட்டையைக் கழற்றி, எல்லோருடைய துண்டையும் அவர்மேல் போட்டார்கள். கணவர் அண்ணனின் கால்களைத் தேய்த்துக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை மன்னிப்புக் கேட்டது. அவள் அதை அப்போதைக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு மணி தாண்டி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, துறைக்காரரின் பெரிய படகு தீவை வளைத்துக்கொண்டு வந்தது.

கரையில் சின்னக் கூட்டம் கூடியிருந்தது. காலில் தரை பட்டதும் கேப்டனுக்குக் குரல் திரும்பிவிட்டது. "திடீர்னு காத்து. யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இன்ஜின்லயும் ஏதோ கோளாறு. இப்படிப் படகைக் கொடுத்தா எப்படி?" என்று துறைக்காரரைப் பிடித்துக்கொண்டார். துறைக்காரர் படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வாடிக்கையாளர்களைப் பார்த்தவரோ.

கணவரின் கை மறுபடி அவள் முழங்கையைத் தேடி வந்தது. அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"திடீர்னு இல்ல, அத்தான். காத்து வரும்னு நேத்தே சொன்னாரு, எத்தனை மணிக்குன்னும் சொன்னாரு. தீவைத் தாண்டாதீங்கன்னாரு, தாண்டினீங்க. கயித்தை மாட்டச் சொன்னேன், மாட்டல. உக்காரச் சொன்னேன், நின்னீங்க. இன்ஜின் ஒழுங்கா ஓடுச்சு. அதுலதான் உங்களைத் தூக்கிட்டு வந்தேன். இந்த மனுஷன்மேல பழி போடாதீங்க."

"எல்லார் முன்னாடியும் என்னை..."

"எல்லார் முன்னாடியும்தான் அவரை நீங்க சொன்னீங்க."

கேப்டன் தம்பியைப் பார்த்தார். தம்பி தொண்டையைச் செருமினார். நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக, "அவ சொல்றது நிஜம்தாண்ணே" என்றார். சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனவர்போல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் கேப்டன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாளே ஊருக்குக் கிளம்பவேண்டும், இனி இந்த ஏரிப்பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது.

விடிந்ததும் அவள் சமையலறைக்குப் போனபோது ஓரகத்தி தலைவாரி, செருப்பும் போட்டு, ரெடியாக நின்றிருந்தாள்.

"எனக்கு அந்தப் படகை ஓட்டக் கத்துக்கொடு" என்றாள்.

"அக்கா, அத்தான் வேண்டாம்னு..."

"அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் நேத்து என் குழந்தையோட நடு ஏரியில உக்காந்திருந்தேன். எனக்குக் கயிறு வீசவும் தெரியல, இன்ஜினை நிறுத்தவும் தெரியல. நீ இல்லாட்டி?" குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள். "கத்துக்கொடுப்பியா, மாட்டியா?"

ஏழு மணிக்கே துறைக்குப் போனார்கள். பெண்கள் இருவர், பிள்ளைகள் இருவர், கூடவே கண்ணாடிக்காரர். துறைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் படகை அவிழ்த்துவிட்டார். ஏரி அசையாமல் கிடந்தது. எல்லோருடைய கொக்கிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓரகத்தி கைப்பிடியைத் தொட்டதும் படகு குதித்தது. அடுத்த நொடி நின்றது. பிறகு பாம்புபோல் நெளிந்து நகர்ந்தது. சின்னவள் கைதட்டினாள். ஓரகத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்போது கேப்டன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தார். "யார் விட்டது இவளை? இடது பக்கம் திருப்பு! கேக்குதா? இடது பக்கம்! கரைக்கு வா!"

ஓரகத்தி திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கை மெதுவாக, இரண்டு கையாலும், வலது பக்கம் திருப்பினாள்.