மாதா வந்த வேளையில் சாத்திய கதவு

என் மாப்பிள்ளை டாரில் நல்லவர்தான். ஆனால் பிடிவாதத்தில் எனக்குச் சளைத்தவரில்லை. "கொசு வராத மாதிரி வீட்ட அடைங்க அத்தை. அப்புறம்தான் ஜெரால்டினை அனுப்புவேன்" என்று தாங்கள் குடியிருக்கும் மாசாய் ஊரிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதிலும் நியாயம் இருந்தது. மலேசியாவின் லாபிஸ் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. போன வருடம் என் கணவர் அமலநாதனுக்குக் குரங்கு மலேரியா வந்து ஆள் பாதியாகிவிட்டார். குரங்கைக் கடித்த கொசு நம்மையும் கடித்தால் வருமாம். ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெரால்டினுக்கு அது பெரிய ஆபத்து என்று டாக்டரும் சொன்னார். ஆனாலும் தலைப்பிரசவத்துக்கு மகள் என்னிடம் வரவில்லை என்றால் நான் என்ன அம்மா?

மூன்று வாரம் வேலை நடந்தது. சன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தோம். வாசலுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும் வலைக்கதவு போட்டோம். இவர் ஆணி அடித்த லட்சணத்துக்கு நான் பின்னாலேயே போய் மறுபடி அடித்தேன்.

சனிக்கிழமை மதியம் டாரில் டார்ச்சோடு வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். "பரவால்ல அத்தை, நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலைதான் வினையே. அது ஜெபமாலை மாதமான அக்டோபர். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம் தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். அன்று எங்கள் முறை. மாதா வரும்போது கதவு விரியத் திறந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். இவர் பக்தியோடு வலைக்கதவை இழுத்துத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டார். இருட்டும் நேரம், ஏழு மணி. விளக்கெல்லாம் போட்டு, கொசுவுக்கும் சேர்த்து அழைப்பு வைத்தாயிற்று.

ஜெபமாலையின் இரண்டாவது மறையுண்மை நடக்கையில் டாரில் தன் கையில் பட்டென்று அடித்தார். பிறகு கழுத்தில். போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். மகளுக்கு என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

எழுந்தேன். செங்கல்லைக் காலால் தள்ளினேன். கதவு தடாரென்று மூடிக்கொண்டது.

ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்த செல்லம் அக்கா நிறுத்திவிட்டார். "வினிஃப்ரெட்! மாதா வந்திருக்கப்ப கதவ சாத்துறியே!"

"மாதா உள்ளதானக்கா இருக்காங்க. வெளிய கொசுதான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். தாமதமாக வந்து வாசலில் நின்ற மதிவாணன், "அலமாக், அப்ப நான்?" என்று பதறினார்.

"வாங்க லா, ஆனா டக்குன்னு வந்துடுங்க. கதவப் பிடிச்சிக்கிட்டு நிக்காதீங்க." அதற்குமேல் சிரிப்பாகப் பேச வரவில்லை. "எம் பொண்ணு ஏழு மாசம்க்கா. இந்தக் கதவு தெறந்து கெடந்தா அவ வரமாட்டா."

செல்லம் அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். "நாளையிலருந்து எந்த வீடானாலும் அஞ்சரைக்கே ஜெபம் வெச்சுக்குவோம். வெளிச்சம் இருக்கப்பவே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

எல்லோரும் போனபின் இவர் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். டாரில் என்னிடம் வந்தார்.

"ஜெராவுக்கு மெசேஜ் அனுப்பிட்டேன் அத்தை."

"என்னன்னு?"

"வராதன்னுதான் எழுதிக்கிட்டு இருந்தேன். அழிச்சிட்டேன். துணிமணி எடுத்து வைன்னு அனுப்பியிருக்கேன்." அவர் முகத்தில் சிரிப்பு. "மாதா வீட்டுல இருக்கப்பவே கதவ சாத்திட்டீங்க. இனிமே யாருக்காகத் தெறந்து வெக்கப் போறீங்க?"