வீட்டில் பூனை உண்டா?

இரவு முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஜுரேமா படியேறும்போது, கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து வீட்டுக்காரி தோனா நீல்சா தலையை நீட்டினாள்.

"மகளே, இன்னிக்கு மின்சாரக் கம்பெனிக்காரன் வர்றானாம். நம்ம தெருவுல பூனை இருக்குன்னு எவனோ வத்தி வெச்சிருக்கான். யார் வீட்டுல இருந்தாலும் தப்பிக்க முடியாது. சொல்லிட்டேன்."

சால்வடோர் ஊரில் பூனைக்கு இரண்டு அர்த்தம். மின்கம்பத்தில் திருட்டுக் கொக்கி போட்டுக் கரண்ட் இழுத்தால் அதற்கும் பூனை என்றே பேர். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான், ஜுரேமாவுக்கும் தெரியும். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? நாய், பூனை எதுவும் ஆகாது என்று சொல்லித்தான் தோனா நீல்சா மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். அறையிலோ நாலுகால் ஜீவன்கள் இரண்டு. தூக்கம் சுழற்றிய மண்டைக்குள் 'பூனை' என்பதும் 'தப்பிக்க முடியாது' என்பதும் மட்டும்தான் ஏறின. மின்சாரக்காரன் எதற்குப் பூனை பிடிக்க வருகிறான் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கதவைத் திறந்ததும் வெள்ளைப் பூனை தபியோக்கா காலில் உரசியது. மஞ்சள் கூஸ்கூஸ் நாற்காலியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. வந்தாயா, சரி என்பதுபோல் ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடியது. புருஷன் எவால்டு செத்த மழைக்காலத்தில், ஜன்னல் வழியாக நனைந்துகொண்டு வந்தவை. அப்போதெல்லாம் ஜுரேமா வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சமையல் கிடையாது, குளியல் கிடையாது. இரண்டும் முழங்காலில் முட்டி முட்டி அவளை அடுப்படிக்கு விரட்டின. அவற்றுக்கு மீன்தலை வேகவைக்கிற சாக்கில் தனக்கும் ஒரு பிடி சோறு வடித்தாள். அப்படித்தான் பிழைத்தாள். அந்த நன்றியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டையும் தூக்கி அலமாரிக்குள் எவால்டுவின் பழைய சட்டைகளுக்கு நடுவே வைத்து, மூச்சுவிட இடைவெளி வைத்துச் சாத்தினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள்.

மின்சாரக்காரன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவன் பின்னாலேயே தோனா நீல்சாவும் மூச்சிரைக்க வந்தாள்.

"அம்மா, வீட்டுல பூனை இருக்கா?"

பொய் சொல்லவும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும்.

"இருக்குங்க."

தோனா நீல்சா சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப்பாவி!"

"எவ்வளவு நாளா?"

"எம் புருஷன் போனதிலேருந்து."

"யாரு வந்து போட்டுக் குடுத்தது?"

"யாரும் போடல. அதுவா ஜன்னல் வழியா வந்துச்சு."

"அதுவா வந்துச்சா?" அவன் முகம் கடுத்தது. "என்னம்மா, விளையாடறீங்களா? இது குத்தம்னு தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா அது இல்லேன்னா இந்த அறை இருட்டுங்க. நான் என்னிக்கோ செத்திருப்பேன்." அவளுக்கு அழுகை முட்டியது. "வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க. அதைப் பிடுங்கிட்டுப் போயிராதீங்க."

"எங்க இருக்கு? காட்டுங்க."

அலமாரியைத் திறந்தாள். சட்டைகளுக்கு நடுவிலிருந்து கூஸ்கூஸ் அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

அவன் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "அம்மா, இந்தப் பூனை மீன்தான் இழுக்கும், கரண்ட் இழுக்காது" என்றான். படியிறங்கித் தெருமுனை தாண்டும்வரை அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தோனா நீல்சா சிரிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மேல எப்பவும் உன் பேச்சுக்குரல் கேக்கும். 'சாப்பிடு கண்ணு, வா, பக்கத்துல படு'ன்னு. எவால்டுகூடத்தான் பேசறேன்னு நெனச்சேன். ஐயோ, புத்தி பேதலிச்சுப் போச்சேன்னு ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் கோயில்ல உனக்காக மெழுகுவத்தி ஏத்தினேன். அம்புட்டும் பூனைக்கா போச்சு!"

"மன்னிச்சிருங்க தோனா." ஜுரேமா கட்டிலில் உட்கார்ந்தாள். "காலி பண்ணணுமா?"

"பேசாதே. எனக்கு வர்ற கோவத்துக்கு... இரு, யோசிச்சுச் சொல்றேன்."

அந்த யோசனை முடிகிறவரை ஜுரேமாவால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. இனி எந்தத் தெருவில் எந்த அறை, எந்த வீட்டுக்காரி இரண்டு பூனைகளோடு ஒரு கைம்பெண்ணை ஏற்பாள் என்று நினைத்தபடியே உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போனாள்.

கண்விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது. தோனா நீல்சா அதே நாற்காலியில் அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தபியோக்கா சுருண்டு கிடந்தது. அதன் முதுகில் அவள் கை இருந்தது.

"இதை எடுடி. எந்திரிக்க முடியல, கால் மரத்துப் போச்சு. அடுப்புல பீன்ஸ் வெச்சிட்டு வந்தேன்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் பூனை விழித்துக்கொள்ளாதபடி ரகசியக் குரலில் சொன்னாள். பீன்ஸ் தீய்ந்த வாசனை படியேறி அறைக்குள் வந்துகொண்டிருந்தது.